கோடையும் லயத்து அடுப்பும்: றொசல்லச் சூழலில் மலையக உணவு வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கண நூலார் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது அப்பகுப்பு. தமிழகத்துச் சமவெளியின் வானத்தை நோக்கி வகுக்கப்பெற்ற இம்முறையை இலங்கையின் மத்திய மலைநாட்டிற்கு, சிறப்பாக அட்டன் நகருக்கு மேற்கே அமைந்த றொசல்லவிற்குப் பொருத்திப் பார்ப்போமாயின், அது முற்றிலும் தலைகீழாகி நிற்கக் காண்போம். முதுவேனில் எனப் பெயர் பெற்ற ஆனியும் ஆடியுமே அங்கு மழை ஓயாத மாதங்கள். ஞாயிறு தெளிந்து, நிலம் உலர்ந்து, ஊற்று வற்றுவது தையிலும் மாசியிலும் ஆகும். அதாவது நூல்கள் பனிக்காலம் என்றுரைத்த நாள்களே மலைத்தோட்டத்தின் கோடை.

இக்கோடையில் தோட்டத்து வீடுகளில் என்ன சமைக்கப்படுகின்றது, எவ்வாறு சமைக்கப்படுகின்றது, அன்றாட வாழ்வு எவ்வாறு அமைகின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையகத்தின் பொருளாதாரம், அரசியல், தொழிற்சங்க வரலாறு ஆகியன பற்றிப் பல நூல்கள் எழுந்துள்ளன. அங்குள்ள அடுப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவே. எழுதியோரிற் சிலரும், தோட்டத்து மக்கள் ரொட்டியையே விரும்பி உண்பர், காய்கறியின் அருமை அறியார் என்று, அதனை ஒரு பழக்கக் குறைபாடாகக் கூறிச் சென்றனர். அக்கூற்று பொருந்தாது என்பது நமது துணிபு. லயத்து அடுப்பின் பருவத்தை வகுப்பன இரண்டு: ஒன்று வானம், மற்றையது தோட்டத்துச் சம்பளக் கணக்கு. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அங்கு வேகும் உணவின் காரணம் விளங்காது.

றொசல்லவின் வானம்

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியைக் கடந்து, வட்டவளை வழியாக அட்டனை அடைகின்றது. வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட நிலையம் றொசல்ல. அதனைச் சூழ்ந்த சரிவுகள் யாவும் தேயிலை. மத்திய மலைத்தொடரின் மேற்கு முகத்தில் இவ்வூர் இருப்பதனால், தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் ஈரத்தை முதலில் ஏற்கும் இடங்களுள் இதுவும் ஒன்றாகின்றது. அருகிலுள்ள வட்டவளை இலங்கையில் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கு ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக 5000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. வைகாசி நடுவில் தொடங்கும் இப்பெருமழை புரட்டாதி வரை நீடிக்கும்.

இவ்வளவு மழை பெறும் நிலத்திற்குத் தண்ணீர்ப் பஞ்சம் உண்டோ என வினவலாம். உண்டு என்பதே விடை. மார்கழி இறுதியில் மழை குறைகின்றது. தையிலும் மாசியிலும் வானம் வெளுத்து, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் குளிர் எலும்பைத் தொடும். மேலே நுவரெலியாவை அண்டிய பள்ளங்களில் இம்மாதங்களில் உறைபனி விழுந்து தேயிலைத் தளிரைக் கருக்குவதுமுண்டு. சரிவு மிகுந்த நிலமாதலால் பெய்த மழை தங்குவதில்லை. ஓடைகளாய்ப் பள்ளத்தாக்கிற்கு இறங்கிவிடுகின்றது. ஆகவே, சில வாரங்கள் மழை பொய்த்தாலே மலைமேல் ஊற்றுகள் மெலிந்து போகின்றன.

இதே மலைத்தொடரின் கிழக்கு முகத்தில் நிலைமை வேறு. ஊவாப் பகுதியிலுள்ள பதுளை, பண்டாரவளை முதலிய இடங்களில் ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வறண்டு வீசும். றொசல்லவில் சாக்கைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு மழையிற் கொழுந்தெடுக்கும் அதே நாள்களில், ஊவாவில் உதடு வெடிக்க உலர்காற்றில் நிற்பர். ஒரே மக்கள், ஒரே தொழில், ஒரே உணவு. ஆயினும் மலைமுகட்டின் இருபுறமும் கோடை இருவேறு மாதங்களில் வருகின்றது. மலையகம் முழுவதற்கும் ஒரே கோடையைக் கற்பித்து எழுதுவது பிழையாகும் என்பதற்கு இது போதிய சான்று.

கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும்

மலைநாட்டின் கோடை தமிழ் மக்களுக்கு எப்போது சொந்தமாயிற்று என்பதும் ஆராயத்தக்கது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களிற் பலர் பருவகால உழைப்பாளர். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். கோப்பி பறித்து முடிந்ததும் பெருந்தொகையினர் ஊர் திரும்பினர். அவர்தம் வேனில் தத்தம் ஊரிலேயே கழிந்தது. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நீராகாரமும் மோருமாகிய வேனில் உணவு அவர்களை விட்டு அகலவில்லை.

1869 இல் கோப்பியிலை நோய் தோன்றிப் படிப்படியாக அப்பயிரை அழித்தது. அதற்கு ஈராண்டுகள் முன்னதாக, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்ததும் உழைப்பின் இயல்பே மாறிற்று. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஒருமுறை எடுத்த நிரைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் செல்ல வேண்டும். எனவே குடும்பங்கள் நிலையாகத் தங்கலாயின; லயங்கள் பெருகின. பெண்களின் விரல்கள் தொழிலின் மையமாயின. 1884 இல் புகையிரதப் பாதை அட்டனை எட்டியது. மறு ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. கோடையை ஊரிற் கழிக்கும் வழக்கம் மெல்ல மறைந்து, மலையிலேயே கோடை கழிக்கும் தலைமுறைகள் தோன்றின. மலையகத் தமிழரின் சமையல் எனத் தனித்துக் கூறத்தக்க ஒன்று அப்போதுதான் உருக்கொள்ளத் தொடங்கிற்று எனலாம்.

கொழுந்தும் பேரும்

தேயிலை வணிகர் தை முதல் பங்குனி வரையுள்ள காலத்தைத் திம்புள்ளப் பிரதேசத்தின் சிறந்த பருவம் என்பர். அட்டன், திக்கோயா, தலவாக்கலை ஆகியவற்றை உள்ளடக்கிய அப்பிரதேசத்தில், உலர்ந்த பகலும் குளிர்ந்த இரவும் தளிரின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. மெதுவாக வளரும் தளிரில் மணமும் சுவையும் செறிகின்றன. கொழும்பு ஏலத்தில் அத்தேயிலைக்கு மதிப்பு மிகுதி. ஆனால், மணம் மிகும்போது நிறை குறைகின்றது. செடி தளிர்ப்பதே அரிதாகும்போது கூடையும் நிறைவதில்லை.

இங்குத் தோட்டத்துச் சொல்லாகிய ‘பேர்’ என்பதன் பொருளை விளக்குதல் வேண்டும். ஒருவர் ஒருநாள் வேலை செய்ததாகக் கணக்கில் எழுதப்படுவது ஒரு பேர். குறித்த நிறை கொழுந்து எடுத்தாலே முழுப்பேர். எடுக்க இயலாவிடின் பல தோட்டங்களில் அரைப்பேர். குறித்த நிறைக்கு மேல் எடுப்பதற்குத் தனிக்கொடை உண்டு. ஞாயிறு முதலிய ஓய்வுநாள்களில் எடுத்து உடன் பணம் பெறுவது கைக்காசு. மழை தொடங்கும் சித்திரை, வைகாசி மாதங்களிலும் மீண்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொழுந்து பொங்கி வரும். அப்போது மேற்கொடையும் கைக்காசும் உண்டு. கோடையில் இவ்விரண்டும் மறைந்துவிடும். முழுப்பேரே ஐயத்துக்குரியதாகும். பெண்களுக்குப் புல் வெட்டல் போன்ற மாற்று வேலைகள் சில நாள்களிற் கிடைக்கும். சில நாள்களில் அவையுமில்லை.

சம்பளம் மாதமுறையில் அடுத்த மாதம் பத்தாம் தேதியளவில் வழங்கப்படுவது வழக்கம். இதனால் ஒரு நுட்பமான விளைவு உண்டாகின்றது. பெப்ரவரியில் குறைந்த கொழுந்தின் சம்பளம் மார்ச் மாதத்திலேயே கைக்கு வரும். அதைக் கொண்டே ஏப்ரல் சம்பளம் வரை சமாளிக்க வேண்டும். வானத்தின் கோடை முடிந்து முதல் இடிமழை விழும் நாளில்தான் அடுப்பின் கோடை முற்றுகின்றது. சித்திரைப் புத்தாண்டுக்குப் புத்தாடை எடுப்பதற்கும் பலகாரம் சுடுவதற்கும் பணம் தேவைப்படும் வேளையில் கையிருப்பது மாசி மாதத்து மெலிந்த கூலி. கடைக் கொப்பியில் கடன் ஏறுவதும் அப்போதே. அதே ஏப்ரலில், வெப்பம் தாளாது கொழும்பிலிருந்து நுவரெலியாவிற்கு உல்லாசமாக வருவோர், பாதையின் இருமருங்கும் பச்சை விரிந்திருக்கக் கண்டு மகிழ்வர். அப்பச்சையின் கீழுள்ள கணக்கு அவர்தம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

நாட்சம்பளத்தின் அளவு காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1984 இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம சம்பளம் கிடைத்தது. 2021 இல் நாளொன்றுக்கு 1000 ரூபா என நிருணயிக்கப்பெற்றது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்தது. எனினும் பேர் என்னும் அளவுகோல் நீங்கவில்லை. எத்தனை ரூபா என்பதோடு எத்தனை பேர் என்பதையும் கூட்டிப் பார்த்தே லயத்தில் உலை ஏறுகின்றது.

அடுப்படியின் மூன்று பற்றாக்குறைகள்

கோடைக் காலத்து அடுப்படியை ஆள்வன மூன்று பற்றாக்குறைகள்: பணம், நீர், நேரம். பணத்தின் நிலையை மேலே கண்டோம். நீரின் நிலை பின்வருமாறு.

லயங்களுக்கு நீர் வருவது பெரும்பாலும் மலைமேலுள்ள ஊற்றிலிருந்து. ஊற்றுநீரைக் குழாயாலோ மூங்கிலாலோ இறக்கி ஓரிடத்தில் விழச் செய்வர், அவ்விடமே பீலி. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் ஒரு லயத்தார் அனைவருக்கும் ஒரே பீலி என்பது பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்த நிலை. வீட்டுக்கு வீடு குழாய் வந்த இடங்களிலும் மூலம் அதே ஊற்றுத்தான். மாசியில் பீலியின் நீர் கைத்தடிப்பிலிருந்து விரல் தடிப்பாகவும், பின்னர் நூலாகவும் மெலியும். குடங்கள் வரிசையில் நிற்கும். விடியுமுன் நான்கு மணிக்கே சென்று இடம் பிடிப்பவர்கள் பெண்களே. அவ்வாறு சுமந்து வந்த ஒரு குடத்தில் எதனைக் கழுவுவது, எதனை வேகவைப்பது என்னும் தேர்வு சமையலுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது.

நேரத்தை நோக்குவோம். காலையில் பிரட்டுக்குச் செல்லவேண்டும். அதற்கு முன் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திக் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைக்கவேண்டும். படங்கைக் கட்டிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினால், கொழுந்து நிறுத்து முடித்து வீடு திரும்ப மாலையாகிவிடும். அதன் பின்னரே மீண்டும் நீர், மீண்டும் அடுப்பு. கூலியில் வந்த சமநிலை அடுப்படிக்கு வரவில்லை என்பதை இங்குக் குறிக்காது விடலாகாது.

இம்மூன்றையும் மனங்கொண்டு கோதுமை மா ரொட்டியை நோக்கினால் அதன் பொருத்தம் புலனாகும். மாவுடன் உப்பும் தேங்காய்ப் பூவும் சேர்த்துச் சிறிதளவு நீர் தெளித்துப் பிசைவர். சோற்றுக்கு அரிசி களைவதற்கு ஒரு நீர், வேகவைப்பதற்கு ஒரு நீர் என வேண்டும். ரொட்டிக்கு ஒரு குவளை போதும். தடிப்பாகத் தட்டிக் கல்லில் இட்டால் சில நிமிடங்களில் வேகும், விறகும் குறைவு. துணியிற் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்லலாம். நண்பகல் வரை கெடாது. ஒரு கையால் பிட்டு நின்றபடியே உண்ணலாம். உண்டபின் நெடுநேரம் பசி எழாது. இதனுடன் செல்வது சம்பல். காய்ந்த கொச்சிக்காயையும் உப்பையும் அம்மியில் வைத்து நைத்து, வெங்காயமும் தேங்காயும் சேர்த்து அரைத்து, கிடைத்தால் தேசிக்காய் பிழிவர். தேங்காய் விலை ஏறிய வாரத்தில் கொச்சிக்காயும் வெங்காயமும் மட்டுமே சம்பலாகும். தொடர்வது வெறுந்தேத்தண்ணீர், சீனி குறைந்தால் அதனைக் கலக்காது உள்ளங்கையில் வைத்து நாவால் தொட்டுக் குடிப்பர். குளிர் மிகுந்த விடியலில் அது உணவாகவும் வெம்மையாகவும் அமைகின்றது.

ஆகவே ரொட்டி என்பது சுவையறியாமையின் விளைவன்று. நீர், விறகு, நேரம், பணம் என்னும் நான்கையும் ஒருங்கே சிக்கனப்படுத்தும் ஓர் உணவை மலையகப் பெண் தன் பட்டறிவால் கண்டுகொண்டாள் என்பதே உண்மை.

விறகைப் பொறுத்தவரை மட்டும் கோடை சற்று இரக்கமுடையது. மழைக்காலத்தில் நனைந்த விறகு காம்பராவைப் புகையால் நிரப்பும். கண்ணெரிச்சலும் இருமலும் அக்காலத்தின் துணைகள். கோடையில் கவ்வாத்து செய்த மலையிலிருந்து கொணரும் மிலாறு நன்றாகக் காய்ந்து புகையின்றி எரியும். வருங்கால மழைக்கென அதனைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து இஸ்தோப்பிலும் அடுப்பின் மேலுள்ள பரணிலும் அடுக்குவர். எரிவாயு அடுப்பு வந்துள்ள வீடுகளிலும் விறகடுப்பு மறையவில்லை. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிவாயு அரிதானபோது அதுவே கைகொடுத்தது. ஆயினும், காய்ந்த கூரையும் ஒட்டிய சுவர்களுமாய் நிற்கும் லயங்களில் கோடைத்தீ ஒரு பேரச்சம். ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு ஒரு லயம் முழுவதையும் உண்டுவிடக்கூடும்.

மலைக்கு வரும் உணவு

லயத்து உணவின் மற்றொரு தன்மையை உற்றுநோக்க வேண்டும். கோதுமை கடல்கடந்து வருகின்றது. தேங்காய் குருணாகல், புத்தளப் பக்கத்திலிருந்து மலையேறுகின்றது. பருப்பு வெளிநாட்டது, கருவாடு கடற்கரையது, கொச்சிக்காய் உலர்நிலத்தது. மலையில் விளையாதவற்றை உண்டு, மலையில் விளைவதை உலகுக்கு அனுப்பும் வாழ்வு இது. தேயிலையை இறக்கிய அதே புகையிரதமே அரிசியையும் ஏற்றி வந்தது.

இவ்வமைப்புத் தானாக உண்டானதன்று. தோட்டங்களின் தொடக்க காலத்திலிருந்தே அரிசி, நிருவாகத்தின் வழியாக வழங்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் தோட்டத்தில் கொடுக்கப்படும் அரிசியின் விலையைச் சம்பளத்தோடு இணைத்தே நோக்கியது. கம்பும் கேழ்வரகும் உண்டு வந்தவர்கள் இவ்வாறு அரிசி உண்போராயினர். இரண்டாம் உலகப் போரில், 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பின்னரும் மா அகலவில்லை. மேலே கூறிய காரணங்களால் அது லயத்து அடுப்போடு பொருந்திவிட்டது.

பிறர் கையை நோக்கியிருக்கும் அடுப்பு உலகச் சந்தையின் ஒவ்வோர் அசைவிலும் அதிரும். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தானிய விலை உலகெங்கும் ஏறியபோது அரிசியும் மாவும் தட்டுப்பட்டன. தோட்டங்களில் பட்டினி புகுந்தது. இறப்பு விகிதம் உயர்ந்தது. மலைநகர் வீதிகளில் கையேந்தி நின்றோர் தோட்டத்து உழைப்பாளரே. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2022 இல், மாவின் விலை மீண்டும் பன்மடங்கு உயர்ந்தது. 2021 இல் இரசாயன உரத்திற்கு விதிக்கப்பட்ட தடையால் கொழுந்தும் குறைந்திருந்த காலம் அது. வருவாயும் உணவும் ஒருங்கே சுருங்கின. இரு வேளை ரொட்டி ஒரு வேளையாயிற்று.

இதற்கு மாறான ஒரு சிறு வெளி உண்டு. அது லயத்தைச் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டம். போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு ஆகியன இம்மலைக்கு உரியவை. சவ்சவ் கொடி கவனிப்பாரின்றியே படர்ந்து காய்க்கும். அதன் காயும் கொழுந்தும் கறியாகும். பொன்னாங்காணியும் வல்லாரையும் நீரோட்டத்தின் அருகே கிடைக்கும். மழைக்காலத்தில் இவை செழிக்கும். கோடையில் பீலிநீர் குடிக்கவே போதாதபோது பாத்திக்கு ஊற்றுவது எங்ஙனம்? பாத்திரம் கழுவிய நீரையும் அரிசி களைந்த நீரையும் வீணாக்காது பாத்தியில் விடுவது பலர் கைக்கொள்ளும் முறை. மேலும், அந்நிலம் அவர்களுக்கு உரிமையானதன்று, தோட்டத்துக்குரியது. நிலையற்ற நிலத்தில் நீண்டகாலப் பயன்மரம் நட எவரும் தயங்குவர் என்பது இயல்பே.

கோடையின் ஆக்கங்கள்

கோடை வறுமை மட்டும் தருவதன்று. ஈரம் உலராத இம்மலையில் வெயில் ஒரு செல்வம். தமிழகத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் செய்த வற்றலையும் வடகத்தையும் மோர்மிளகாயையும் இங்குச் செய்ய விரும்புவோர் தை, மாசி வெயிலையே நம்பவேண்டும். அம்மாயியும் அப்பாயியும் இஸ்தோப்பின் முன்னால் பாயை விரித்துக் காக்கைக்குக் காவலிருக்கும் காட்சி அக்காலத்தது. கம்பளியும் படங்கும் அப்போதே நன்கு உலரும்.

மாசி வளர்பிறையில் காமன் கூத்துத் தொடங்கும். இரதி, மதன் கதையைப் பல இரவுகள் நிகழ்த்திக் காமன் எரிவதோடு முடிக்கும் இக்கூத்து, மழையற்ற இரவுகளையும் வேலை தளர்ந்த நாள்களையும் வேண்டி நிற்பது. தப்பொலி கேட்கும் இரவுகளில் காண்போருக்கும் ஆடுவோருக்கும் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டேயிருக்கும். பங்குனி, சித்திரையில் பல தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நடைபெறும். அந்நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் அரிசி ஒரே உலையில் வேகின்றது. தனி அடுப்புகள் மெலிந்திருக்கும் பருவத்தில் பொது அடுப்பு மூட்டப்படுவது கருதற்குரியது. மழை வேண்டும் வழிபாடு, உணவைப் பகிரும் வழக்கமாகவும் அமைகின்றது.

உடலும் உணவும்

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17.3 விழுக்காடு, தோட்டத்துறையில் அது 31.7 விழுக்காடு. இவ்வேறுபாட்டைத் தாய்மாரின் அறியாமைக்கு ஏற்றிச் சொல்வது எளிது. உணவு பற்றிய அறிவுரை பயனற்றதென்று நாம் கூறவில்லை. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணிநேரம் கழித்து அருந்துவது நன்று. தேசிப்புளி அச்சத்துச் சேர்வதற்கு உதவும். சம்பலில் அதனைப் பிழியும் பழக்கம் அவ்வகையிற் சிறந்தது. கீரையையும் நெத்தலியையும் பருப்பையும் வாரத்தில் மாற்றி மாற்றிச் சேர்த்தல் வேண்டும். இவையெல்லாம் சொல்லத்தக்கனவே. ஆயினும், ரொட்டியும் தேத்தண்ணீரும் ஒரே பத்து நிமிடத்தில் முடிக்கவேண்டிய காலையுணவாய் இருக்கும் வரையில், ஒரு மணிநேர இடைவெளி என்பது ஏட்டளவில் நிற்கும் அறிவுரையே.

தொல்காப்பியர் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிமையாக்கினார். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காட்டிற்று. மாசி மாதத்து றொசல்ல அக்கூற்றுகளுக்கு நம் காலத்து உரையாக விளங்குகின்றது. ஆனால் இங்கு மலை பாலையாவது வெயிலால் மட்டுமன்று. ஊற்றுநீரைத் தேக்கி வைக்கும் தொட்டி லயத்துக்கு மேலே இருக்குமாயின், மாசியிலும் பாத்தி பசுமையாகும். வீட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு நிலத்தையும் உழைப்பவர் தமதெனச் சொல்லக்கூடுமாயின், தேசியும் கொய்யாவும் வாசலில் நிற்கும். கொழுந்து குறையும் மாதங்களில் பேர் குறையாதிருக்க வழிவகுக்கப்படுமாயின், பங்குனியில் கடைக் கொப்பி தடிக்காது. இம்மூன்றும் சமையற்கலையைச் சார்ந்தவையல்ல. ஆயினும் மலையகத்தின் சமையலை மாற்றக்கூடியவை இவையே.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கும் இதில் ஒரு பணி உண்டு. பேர், கைக்காசு, பீலி, மிலாறு, படங்கு, இஸ்தோப்பு ஆகிய சொற்கள் அகராதிகளில் முறையாக இடம்பெறாதவை, அல்லது இப்பொருளில் இடம்பெறாதவை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தமையால் அவை அழியாது நின்றன. அடுப்படியின் சொற்களையும் முறைகளையும் மாதந்தோறும் எது சமைக்கப்பட்டது என்னும் கணக்கையும் அவ்வாறே தொகுப்பார் வேண்டும். லயங்கள் தனிவீடுகளாக மாறிவரும் காலம் இது. அம்மியோடு அதற்குரிய சொற்களும் மறையுமுன் அப்பணி தொடங்கப்பெறுதல் நன்று. மாசி மாதத்தில் தொடங்கினால், மலைத்தோட்டத்தின் கோடையை அதற்குரிய நாளிலேயே காணலாம்.